சிறுநீர்ப்பை வலி: கல்ச்சர் ரிப்போர்ட் நார்மல்... ஆனாலும் வலி ஏன் நிக்கல? உள்சவ்வில் நடப்பது என்ன? முழு விளக்கம்

நீர்க்கடுப்பு வந்தால் கொங்குப் பக்கம் கைவைத்தியத்துக்குப் பஞ்சமே இல்லை. இளநீர், மோர், ஊறவைத்த வெந்தயம் என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அதில் அடங்கவில்லை என்றால் மெடிக்கல் ஷாப்பில் நாலு மாத்திரை. நிறைய பேருக்குச் சில நாட்களில் பிரச்சினை முடிந்துவிடும்.

ஆனால், சிலருக்கு முடிவதே இல்லை.

கிணத்துக்கடவு பக்கம் தக்காளித் தோட்டத்தில் பழம் பறிக்கப் போகும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். காட்டில் ஒதுங்க இடம் இல்லாததால், காலையில் இருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. சிறுநீர்ப்பை கொஞ்சம் நிறைந்தாலே அடிவயிற்றில் சுருக்கென்று வலி. போய்விட்டு வந்தால் கொஞ்ச நேரம் நிம்மதி. மறுபடியும் அதே வலி. ராத்திரியில் நாலைந்து தடவை எழ வேண்டியிருக்கிறது. யூரின் டெஸ்ட் எடுத்தால் கிருமி இல்லை. ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை. மூன்றாவது முறையாக ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டும் பலன் இல்லை. "ரிப்போர்ட்ல ஒண்ணுமில்லைங்கறாங்க, ஆனா வலி உசுரு போகுதுங்க" என்று சொன்னால், "எல்லாம் மனசுதான்" என்று வீட்டிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

மனசு இல்லை. இந்த வலிக்கு உடம்புக்குள் காரணம் இருக்கிறது. சிறுநீர்ப்பையின் உள்சவ்வு, அதற்கு அடியில் ஓடும் நரம்புகள், இந்த இரண்டுக்கும் நடுவில் ஏற்படும் கோளாறுதான் அது. எப்படி என்று பார்ப்போம்.

சிறுநீர்ப்பைக்குள் என்ன இருக்கிறது?

சிறுநீர்ப்பை என்பது தசையால் ஆன ஒரு பை. பெரியவர்களுக்குச் சுமார் 400 முதல் 500 மில்லி வரை சிறுநீரைத் தேக்கி வைக்கும். உள்ளே இருப்பது சாதாரணத் தண்ணீர் அல்ல. யூரியா, அமிலம், உப்புகள் என உடம்பு வேண்டாம் என்று தள்ளிய கழிவுகள் எல்லாம் அதில் இருக்கின்றன. குறிப்பாக, பொட்டாசியம் ரத்தத்தில் இருப்பதைவிட சிறுநீரில் பல மடங்கு அதிகம்.

இவ்வளவு காரமான திரவத்தை மணிக்கணக்கில் வைத்திருந்தும் பை எரியாமல் இருக்கிறதே, எப்படி? அதற்குக் காரணம் உள்சவ்வு. அதன் மேல்வரிசையில் இருப்பவை 'குடை செல்கள்'. குடையை விரித்ததுபோல கீழே இருக்கும் செல்களை மூடிக்கொண்டிருப்பதால் அந்தப் பெயர். ஒன்றோடொன்று இடைவெளி இல்லாமல் இறுக்கமாகப் பிணைந்திருக்கும். அதற்கும் மேலே வழவழப்பான ஒரு பூச்சு இருக்கிறது. மருத்துவர்கள் இதை ஜி.ஏ.ஜி. படலம் என்கிறார்கள்.

நம்ம ஊர் உதாரணம் சொன்னால் சுலபமாகப் புரியும். பி.ஏ.பி. வாய்க்காலில் சிமென்ட் பூச்சு நல்லா இருக்கும் வரை தண்ணீர் கடைமடை வரை போகும். பூச்சில் விரிசல் விட்டால்? தண்ணீர் கரைக்குள் கசியும், மண் ஊறிப்போகும். சிறுநீர்ப்பையின் உள்சவ்வும் அந்தப் பூச்சு மாதிரிதான்.

உள்சவ்வு எதனால் காயப்படுகிறது?

பல காரணங்கள் உண்டு. முக்கியமானவை:

• கிருமித் தொற்று: பெரும்பாலும் ஈ.கோலை பாக்டீரியா. கிருமி ஒட்டிய செல்களை உடம்பே உதிர்த்துத் தள்ளும். தொற்று அடங்கியதும் புதுச் செல்கள் வளர்ந்து மூடிவிடும். திரும்பத் திரும்பத் தொற்று வந்தால் இந்தப் பழுதுபார்ப்பு வேலை தடைபடும்.

• கல், கதீட்டர் டியூப்: நீண்ட நாள் உள்ளே இருந்தால் சவ்வை உரசிக்கொண்டே இருக்கும்.

• கதிர்வீச்சு சிகிச்சை: கர்ப்பப்பை வாய், புராஸ்டேட் புற்றுநோய்களுக்கு இடுப்புப் பகுதியில் தரப்படும் கதிர்வீச்சு, சிறுநீர்ப்பையையும் தொடும். பாதிப்பு சிலருக்கு உடனே தெரியும், சிலருக்குப் பல வருடங்கள் கழித்துத் தெரியும்.

• சைக்ளோபாஸ்பமைடு: புற்றுநோய்க்கும், சில வாத நோய்களுக்கும் தரப்படும் மருந்து. இது உடம்பில் உடையும்போது அக்ரோலின் என்ற நச்சு உருவாகி சிறுநீரில் இறங்கும். அது சவ்வைப் புண்ணாக்கி, ரத்தம் வரவைக்கும். இதைத் தடுக்கத்தான் அதிக டோஸ் தரும்போது 'மெஸ்னா' என்ற மருந்தையும் சேர்த்துத் தருகிறார்கள்.

• கெட்டமின்: ஆபரேஷன் தியேட்டரில் மயக்கத்துக்குப் பயன்படும் மருந்து. இதைப் போதைக்காகத் தொடர்ந்து பயன்படுத்திய 9 பேருக்குச் சிறுநீர்ப்பை கடுமையாகப் பாதிக்கப்பட்டதை, 2007-ல் கனடாவின் டொரண்டோ மருத்துவர்கள் வெளியிட்டார்கள். அதன்பின் ஹாங்காங் உட்பட பல இடங்களில் இதே பாதிப்பு பதிவானது. பை சுருங்கி, அரை டம்ளர் சிறுநீரைக்கூடத் தாங்க முடியாத நிலைக்குப் போனவர்கள் உண்டு.

இவை தவிர, எந்தக் காரணமும் தெரியாமலே சவ்வு பலவீனமாகும் நிலையும் இருக்கிறது. அதைத்தான் 'இன்டர்ஸ்டிஷியல் சிஸ்டைட்டிஸ்' அல்லது 'பிளாடர் பெயின் சிண்ட்ரோம்' என்கிறார்கள். பெண்களிடம்தான் அதிகம். ஆண்களுக்கும் வரும். ஆனால், 'புராஸ்டேட் வீக்கம்' என்று நினைத்து வேறு வைத்தியம் ஓடிக்கொண்டிருக்கும்.

காயம் எப்படி வலியாக மாறுகிறது?

இது ஒரே அடியில் நடப்பதில்லை. நான்கு கட்டங்கள் இருக்கின்றன.

முதல் கட்டம், கசிவு. பூச்சு தேய்ந்து, செல்களுக்கு நடுவில் இடைவெளி விழுந்தால், சிறுநீரில் இருக்கும் பொட்டாசியம் போன்றவை அடித் திசுவுக்குள் இறங்கும். அங்கே நரம்பு நுனிகள் இருக்கின்றன. பொட்டாசியம் பட்டதும் அவை தூண்டப்படும். சிராய்த்த கையில் எலுமிச்சம்பழம் பிழிந்த மாதிரி.

அமெரிக்காவின் சான் டியாகோவைச் சேர்ந்த லோவல் பார்சன்ஸ் என்ற சிறுநீரியல் மருத்துவர் இந்தக் கருத்தை முன்வைத்தவர்களில் முக்கியமானவர். பொட்டாசியம் கரைசலைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்திப் பார்த்தபோது, ஆரோக்கியமானவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. இந்த நோயாளிகளில் பலருக்கு வலி கிளம்பியது. ஆனால், இந்த டெஸ்ட் வலி தரக்கூடியது. நோயைத் துல்லியமாகப் பிரித்துச் சொல்லவும் இல்லை. அதனால் இப்போது இதைப் பரிந்துரைப்பதில்லை.

இரண்டாவது கட்டம், சவ்வே தரும் சிக்னல். உள்சவ்வு வெறும் தடுப்புச் சுவர் மட்டும் அல்ல. பை விரியும்போது ஏ.டி.பி. என்ற ரசாயனத்தை வெளியிட்டு, 'நிறையுது' என்று நரம்புக்குத் தகவல் சொல்வதும் அதன் வேலை. காயப்பட்ட சவ்வு இதை அளவுக்கு மீறி வெளியிடும். கால்வாசி நிறைந்தாலே, பை முழுசா நிறைந்த மாதிரி அவசரம் வருவது இதனால்தான்.

மூன்றாவது கட்டம், அழற்சி. அடித் திசுவில் இருக்கும் 'மாஸ்ட் செல்கள்' ஹிஸ்டமின் போன்ற ரசாயனங்களைக் கொட்டும். தோலில் பூச்சி கடித்தால் தடித்து அரிக்கிறதே, அதைச் செய்வதும் இதே ஹிஸ்டமின்தான். இங்கே அது வீக்கத்தையும் வலியையும் கூட்டும். தூண்டப்பட்ட நரம்புகளும் சில ரசாயனங்களை வெளியிட்டு, மாஸ்ட் செல்களை இன்னும் கிளப்பிவிடும். ஒன்றை ஒன்று தூண்டும் சுழற்சி இது.

நான்காவது கட்டம், நரம்பு மண்டலத்தின் மாற்றம். மாதக்கணக்கில் வலி சிக்னல் போய்க்கொண்டே இருந்தால், தண்டுவடமும் மூளையும் அதற்குப் பழகி, சின்ன சிக்னலையும் பெரிதாக்கிக் காட்டும். டிவி வால்யூம் பட்டன் 'ஃபுல்'லில் மாட்டிக்கொண்ட மாதிரி. இந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டால், சவ்வில் காயம் ஆறிய பிறகும் வலி தொடரலாம்.

காயம் பெருசா இருந்தாதான் வலி பெருசா இருக்குமா?

இல்லை. இந்தக் கட்டுரையில் முக்கியமாகப் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

1915-ல் அமெரிக்காவின் பால்டிமோரைச் சேர்ந்த கை ஹன்னர் என்ற மருத்துவர், சில பெண்களின் சிறுநீர்ப்பைக்குள் சிவந்து, லேசாகத் தொட்டாலே ரத்தம் வரும் புண்களைப் பார்த்து எழுதினார். 'ஹன்னர் புண்' என்று இன்றும் அவர் பெயரிலேயே அழைக்கப்படுகிறது. இப்படிக் கண்ணுக்குத் தெரியும் புண் இருப்பவர்களுக்கு வலி கடுமையாக இருக்கும். புண்ணைக் கரித்து எடுத்தால் பலருக்கு வலி நன்றாகவே குறையும்.

ஆனால், சிறுநீர்ப்பை வலியோடு வரும் எல்லோருக்கும் இந்தப் புண் இருப்பதில்லை. கேமரா விட்டுப் பார்த்தால் உள்ளே சுத்தமாக இருக்கும், வலி மட்டும் நிஜமாக இருக்கும். நேர்மாறாக, வலியே இல்லாத சிலரின் சவ்விலும் பையை விரித்துப் பார்த்தால் சின்னச் சின்ன ரத்தப் புள்ளிகள் தெரியும். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் சவ்விலேயே வளர்ந்தாலும், ஆரம்பத்தில் பெரும்பாலும் வலி இல்லாமல் ரத்தம் மட்டும்தான் வரும். சிறுநீர்ப்பையையே எடுத்த பிறகும் வலி போகாதவர்களும் உண்டு.

அதாவது, காயத்தின் அளவும் வலியின் அளவும் ஒன்றல்ல. 'ரிப்போர்ட் நார்மல்' என்றால் வலி இல்லை என்று அர்த்தம் இல்லை. 'வலி இல்லை' என்றால் நோய் இல்லை என்றும் அர்த்தம் இல்லை.

சவ்வு பழுதானதால் வலி வந்ததா, நரம்பும் அழற்சியும் முதலில் கெட்டு அதனால் சவ்வு பழுதானதா என்பதில் மருத்துவ உலகில் இன்னும் விவாதம் இருக்கிறது. இது ஒரே நோய் அல்ல, ஒரே மாதிரி வலி தரும் பல நோய்களின் தொகுப்பு என்ற கருத்து இப்போது வலுப்பெற்றிருக்கிறது.

சாதாரண நீர்க்கடுப்பா, இந்த வலியா? எப்படித் தெரிஞ்சுக்கிறது?

தொற்று என்றால் திடீரென்று ஆரம்பிக்கும். சிறுநீர் கழிக்கும்போது எரியும். கலங்கலாக, நாற்றத்தோடு போகலாம். கல்ச்சரில் கிருமி வளரும். சரியான ஆன்டிபயாட்டிக் தந்தால் சில நாட்களில் குறையும்.

சிறுநீர்ப்பை வலி நோய் என்றால், பை நிறைய நிறைய வலி கூடும், போனதும் குறையும். இரவிலும் பகலிலும் அடிக்கடிப் போக வேண்டியிருக்கும். கல்ச்சரில் கிருமி இருக்காது. அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் வழிகாட்டுதல்படி, தொற்றோ வேறு காரணமோ இல்லாமல் 6 வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் இந்த நோயைச் சந்தேகிக்கலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நம் நாட்டில் ஒரு விஷயத்தை விட்டுவிடவே கூடாது: காசநோய். டிபி நுரையீரலில் மட்டும் வருவதில்லை, சிறுநீரகம், சிறுநீர்ப்பையிலும் வரும். யூரின் டெஸ்டில் சீழ் செல்கள் இருக்கும். சாதாரணக் கல்ச்சரில் கிருமி வளராது. கவனிக்காமல் விட்டால் சிறுநீர்ப்பை சுருங்கிவிடும். 'சீழ் இருக்கு, ஆனா கல்ச்சர் நெகட்டிவ்' என்று ரிப்போர்ட் வந்தால், "டிபிக்கு டெஸ்ட் பண்ணணுமா டாக்டர்?" என்று கேளுங்கள். அரசு மருத்துவமனைகளில் காசநோய்ப் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

என்னென்ன டெஸ்ட் எடுப்பார்கள்?

• யூரின் ரொட்டீன், யூரின் கல்ச்சர்
• சர்க்கரை அளவு. அடிக்கடி சிறுநீர் போவதற்கு சர்க்கரை நோயும் காரணமாக இருக்கலாம்
• வயிறு ஸ்கேன். கல், கட்டி, மிச்சம் தங்கும் சிறுநீர் தெரியும்
• தேவைப்பட்டால் சிஸ்டோஸ்கோபி. மெல்லிய கேமராவைச் சிறுநீர்ப் பாதை வழியாக விட்டுப் பார்ப்பது. ஹன்னர் புண்ணைக் கண்டுபிடிக்க இதுதான் வழி
• பெண்களுக்கு, கர்ப்பப்பை தொடர்பான பிரச்சினைகள் இருக்கிறதா என்ற பரிசோதனை

டாக்டரிடம் போவதற்கு முன் ஒரு வேலை செய்தால் பாதி நோயைக் கண்டுபிடித்த மாதிரி. மூன்று நாட்களுக்கு ஒரு நோட்டில் எழுதுங்கள்: எத்தனை மணிக்குப் போனீர்கள், ஒரு அளவு டம்ளரில் பிடித்தால் எத்தனை மில்லி, அப்போது வலி 10-க்கு எவ்வளவு, அதற்கு முன் என்ன சாப்பிட்டீர்கள், குடித்தீர்கள். இந்த ஒரு பக்கம், பத்து நிமிடப் பேச்சைவிட அதிகம் சொல்லும்.

தக்காளி, காபி, இளநீர்... எது ஆகும்? எது ஆகாது?

கோவை - பொள்ளாச்சி சாலையில் கிணத்துக்கடவு என்றாலே தக்காளி மார்க்கெட் ஞாபகம் வரும். ஆனால், இந்த நோய் உள்ளவர்கள் 'வலியைக் கிளப்புது' என்று சொல்லும் பட்டியலில் தக்காளியும் இருக்கிறது. காபி, டீ, எலுமிச்சை, ஆரஞ்சு, கார உணவு, சோடா, மது ஆகியவையும் அதில் வரும்.

அதற்காக நாளையில் இருந்தே ரசத்தை நிறுத்த வேண்டாம். எல்லோருக்கும் எல்லாமே ஆகாது என்பதில்லை. சந்தேகப்படும் பொருட்களைச் சில வாரங்கள் நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பாருங்கள். எதைச் சேர்த்தபோது வலி வந்ததோ, அதை மட்டும் குறைத்தால் போதும்.

இளநீர்? சாதாரண நீர்க்கடுப்பில் நீர்ச்சத்துக்காகக் குடிப்பதில் தவறில்லை. ஆனால், அதில் பொட்டாசியம் அதிகம். உடம்புக்குள் போகும் பொட்டாசியத்தில் பெரும்பகுதி சிறுநீர் வழியாகத்தான் வெளியேறும். அதனால் சவ்வு பழுதான ஒருவருக்கு இளநீர் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். குடித்த பிறகு வலி கூடினால், அதையும் நோட்டில் எழுதுங்கள். சிறுநீரகம் பழுதானவர்கள் டாக்டரைக் கேட்காமல் இளநீர் குடிக்கக் கூடாது.

தண்ணீரைக் குறைத்தால் வலி குறையுமா?

நிறைய பேர் செய்யும் தவறு இது. தண்ணீரைக் குறைத்தால் போகும் தடவை குறையும் என்று கணக்குப் போடுகிறார்கள். ஆனால், சிறுநீர் அடர்த்தியாகி எரிச்சல் கூடும். தொற்று வரும் வாய்ப்பும் அதிகமாகும்.

2018-ல் வெளியான ஓர் ஆய்வு இது. அடிக்கடி தொற்று வரும், தண்ணீர் குறைவாகக் குடிக்கும் 140 பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு தினமும் கூடுதலாக 1.5 லிட்டர் தண்ணீர் குடித்தது. ஒரு வருடத்தில் அந்தக் குழுவுக்கு வந்த தொற்று, மற்ற குழுவுக்கு வந்ததில் ஏறக்குறைய பாதிதான்.

ஒரே மூச்சில் ஒரு சொம்பு குடிக்காமல், நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பது நல்லது. ஆனால், காட்டு வேலைக்கும் மில் வேலைக்கும் போகும் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருப்பது அறியாமையால் அல்ல. போக இடம் இல்லை, போக நேரம் தருவதில்லை. இதை வீட்டில் உட்கார்ந்து அறிவுரை சொல்லித் தீர்க்க முடியாது. வேலை நடக்கும் இடத்தில் சுத்தமான கழிப்பறை வேண்டும்.

என்ன சிகிச்சை இருக்கிறது?

ஒரே மாத்திரையில் முழுசாகப் போகும் நோய் இல்லை இது. ஆனால், கட்டுக்குள் வைக்க முடியும்.

முதலில் உணவு மாற்றம், தண்ணீர் அளவு, கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டிப் பழகுவது, மன அழுத்தத்தைக் குறைப்பது. இடுப்புத் தசைகள் இறுகி இருந்தால், அதைத் தளர்த்தும் பிசியோதெரபி பலருக்குப் பலன் தருகிறது. யூடியூப் பார்த்து 'கெகல்' பயிற்சி செய்யாதீர்கள். ஏற்கெனவே இறுகிய தசையை அது மேலும் இறுக்கும்.

அடுத்து மாத்திரைகள். நரம்பு வலியை அடக்கக் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின், ஹிஸ்டமினுக்கு எதிராக ஹைட்ராக்ஸிசின், சவ்வின் பூச்சுக்காகப் பென்டோசன். பென்டோசன் 1996-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நீண்ட காலம் சாப்பிட்ட சிலருக்கு விழித்திரையில் பாதிப்பு வந்தது 2018-ல் தெரியவந்தது. அதனால் இதைச் சாப்பிடுபவர்கள் கண் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

மருந்தை நேரடியாகச் சிறுநீர்ப்பைக்குள் டியூப் மூலம் செலுத்தும் முறையும் உண்டு. டி.எம்.எஸ்.ஓ., ஹெப்பாரின், லிடோகைன், ஹயலூரானிக் அமிலம் ஆகியவை இப்படித் தரப்படுகின்றன. ஹன்னர் புண் இருந்தால், அதைக் கரிப்பது அல்லது அந்த இடத்தில் ஸ்டீராய்டு ஊசி போடுவது. சிறுநீர்ப்பையை எடுக்கும் ஆபரேஷன் கடைசிக் கட்டத்தில், மிகச் சிலருக்கு மட்டும்.

செய்யக் கூடாத ஒன்று: கிருமி இல்லாதபோது மாதக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் சாப்பிடுவது. வலி குறையாது. நாளைக்கு நிஜமாகவே தொற்று வரும்போது அந்த மருந்து வேலை செய்யாமல் போகலாம்.

உடனே டாக்டரிடம் போக வேண்டியது எப்போது?

• சிறுநீரில் ரத்தம் வந்தால். ஒரே ஒரு தடவை வந்தாலும், வலி இல்லாவிட்டாலும். புகைபிடிப்பவர்களும், 40 வயதைத் தாண்டியவர்களும் தள்ளிப்போடவே கூடாது
• குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், முதுகுப் பக்கவாட்டில் வலி
• சிறுநீர் அடைத்துக்கொண்டால்
• கர்ப்பிணிகளுக்கு எரிச்சல், கடுப்பு எதுவாக இருந்தாலும்
• கதிர்வீச்சு, கீமோ எடுத்தவர்களுக்குப் புதிதாக எரிச்சலோ ரத்தமோ வந்தால்

முதலில் அருகில் உள்ள அரசு மருத்துவமனையில் காட்டலாம். தேவைப்பட்டால் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் சிறுநீரியல் பிரிவுக்கு அனுப்புவார்கள். சந்தேகம் இருந்தால் தமிழக அரசின் 104 மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ராத்திரி நாலு தடவை எழுந்து போகும் ஒருவர், பஸ்ஸில் ஏறும் முன் இரண்டு தடவை பாத்ரூம் தேடும் ஒருவர், பழக்கதோஷத்தில் அப்படிச் செய்யவில்லை. ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை என்று வந்தால், "அப்ப ஒண்ணுமில்ல" என்று முடித்துவிடாமல், "அடுத்து யாரைப் பார்க்கலாம்?" என்று கேளுங்கள்.